கருவளையம் நீக்குகிறவர்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒரு போட்டோ ஸ்டூடியோவில் முகங்களைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறார். படம் எடுப்பது வேறு ஆள். எடுத்த படம் அத்தானின் கம்ப்யூட்டருக்கு வரும்போது அதில் ஒரு மனிதர் இருப்பார். அங்கிருந்து கிளம்பும்போது, அந்த மனிதருக்குக் கவலையே இல்லாத ஒரு தம்பி இருந்தால் எப்படி இருப்பாரோ அப்படி ஆகியிருப்பார். பரு போயிருக்கும். நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பு போயிருக்கும். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிருக்கும். தொழிலில் இதற்கு டச்சப் என்று பெயர்.

அவர் உட்காருவது ஸ்டூடியோவின் பின்னறையில். அங்கே இருந்த ஒரே ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். வெளிச்சம் திரையில் விழுந்தால் நிறம் ஏமாற்றும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி. முன்னறையில் வாடிக்கையாளர்கள் பேசுவது திரைச்சீலை வழியாக உள்ளே கேட்கும்.

"கொஞ்சம் கலராக் காட்டுங்க சார்."

"இந்தத் தாடை ரெண்டாத் தெரியுது. ஒண்ணாக்க முடியுமா?"

முதலாளி எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "உள்ள டாக்டர் இருக்கார். மயக்க மருந்துகூட வேண்டாம், ஆபரேஷன் பண்ணி அனுப்பிடுவார்."

அந்தப் பட்டம் அத்தானுக்குப் பிடித்திருந்தது. கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வார், ஆனால் யாராவது சொல்லாமல் விட்டால் தேடுவார். வேலையும் அப்படித்தான் இருக்கும். ஒரு கண் மட்டும் திரை முழுக்க நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்குவார். கன்னத்தில் நல்லதாக இருக்கும் தோலில் கொஞ்சம் எடுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்த இடத்தில் பூசுவார். ஓரம் தெரியாமல் தேய்ப்பார். பிறகு உதட்டின் ஓரத்தை ஒரு நூல் அளவுக்குத் தூக்கிவிடுவார். அவ்வளவுதான். ஆள் சிரிக்கமாட்டார், ஆனால் சிரிக்கப்போகிறவர் போல ஆகிவிடுவார்.

"முழு மூஞ்சியப் பாக்கக்கூடாது," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "முழுசாப் பாத்தா மனுஷன் தெரிய ஆரம்பிச்சுடுவான். அப்புறம் கை ஓடாது. தோலத்தான் பாக்கணும்."

அதனால் தெருவில் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் ஒருவர் வந்து கையைப் பிடித்து, நீங்கள் போட்டுத் தந்த படத்தால்தான் எனக்கு வேலையே கிடைத்தது என்று உருகிவிட்டுப் போனார். அத்தான் விழித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் திரும்பி நடந்தபோதுதான் பக்கவாட்டில் எதையோ பார்த்துவிட்டு, "இடது புருவத்துல தழும்பு. நான்தான் எடுத்தேன்," என்றார்.

நான் அப்போது அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அக்கா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவர்களுக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. அத்தான் வேலை முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள் அவள் அன்றைய செய்தியை ஆரம்பித்திருப்பாள். வகுப்பில் யார் வாந்தியெடுத்தது, எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை, பள்ளி வேனில் யாருடைய செருப்பு ஜன்னல் வழியாக விழுந்தது. ஒரு சினிமா பார்த்தால் எழுத்துப் போடுவதிலிருந்து கதை சொல்வாள். படம் ஓடிய நேரத்தைவிடக் கதை நீளமாக இருக்கும். "கொஞ்சம் வால்யூமைக் குறைடி," என்பாள் அக்கா. "பொத்தான் உடைஞ்சிருக்கும்மா," என்பாள் அவள்.

அந்தச் சத்தம் எப்போது குறைந்தது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஃபேன் பட்டென்று நின்றால் உடனே தெரிந்துவிடும். மெல்ல மெல்லக் குறைந்தால், காற்று வரவில்லையே என்று ஜன்னலைத்தான் திட்டுவோம்.

முதலில் பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். களைப்பு என்றோம். பிறகு வயிற்றுவலி என்றாள். தெருமுனை டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். வலி போகவில்லை, வேறு நிறத்தில் இன்னொரு பூச்சி மருந்து கொடுத்தார். சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுந்தாள், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். வயசு அப்படி, என்றாள் அக்கா. தலை வாரிக்கொள்வது குறைந்தது. வாரிவிட அக்கா உட்கார்ந்தால் சீப்பு பாதியில் நிற்கும். முடி சிக்குச் சிக்காக இருக்கும், அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். மார்க் இறங்கியது. போன்தான் காரணம் என்று அத்தான் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். சரி என்று கொடுத்துவிட்டாள். போன் போயும் மார்க் ஏறவில்லை, ஆனால் பூட்டு மட்டும் திறக்கப்படவில்லை.

அத்தானின் அக்கா வந்திருந்தபோது இரண்டு நாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் அக்காவிடம், "இப்பதான் பொம்பளப் புள்ளையா அடக்கமா ஆயிருக்கா. முன்னெல்லாம் காது கிழியும். நீ நல்லா வளக்குற," என்றார். அக்காவுக்கு அந்தச் சான்றிதழ் ரொம்ப நாள் கேட்டுக் கிடைத்தது. சந்தோஷப்பட்டாள்.

"ரேடியோ ஸ்டேஷன மூடிட்டாங்களா?" என்று அத்தான் சாப்பாட்டின்போது கேட்பார். அவள் வாயின் ஓரத்தை மட்டும் அசைப்பாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடப் படங்கள் வந்தன. அவள் படிக்கிற பள்ளியின் அடையாள அட்டைப் படங்களை ஒவ்வொரு வருஷமும் இவர்கள் ஸ்டூடியோதான் எடுக்கும். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் நீலத் துணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்து போவார்கள். முகங்கள் எல்லாம் பின்னறைக்கு வந்துசேரும். பள்ளிப் படங்களுக்கு டச்சப் கிடையாது, நிறத்தை மட்டும் சமன்செய்து அனுப்பிவிடுவது வழக்கம். மகள் படம் வந்தபோது அத்தான் வழக்கத்தை மீறினார். பெரிதாக்கினார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது. கண்ணும் எதையும் பார்க்காமல் திறந்திருந்தது. நம்ம பிள்ளை என்று ஒருமணி நேரம் போல உட்கார்ந்து வேலை பார்த்தார். கன்னத்திலிருந்து தோலை எடுத்துக் கண்ணுக்குக் கீழே பூசினார். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்; அது வைத்தால் கண்ணில் உயிர் வந்துவிடும். உதட்டோரத்தைத் தூக்கினார். முதலாளி எட்டிப் பார்த்து, "டாக்டர் சொந்த வீட்டு ஆபரேஷன்ல கை நடுங்காம பண்றாரே," என்றார்.

அட்டை வந்த அன்று அத்தான் அதை உணவு மேசையில் வைத்துக் காட்டினார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் அட்டையைக் கையில் எடுத்தாள். விரலால் அந்தக் கண்ணின் கீழே தடவிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அத்தானைப் பார்த்தாள், ஏதோ அவர் அடுத்து பேசப்போகிறார் என்று காத்திருக்கிறவள் போல. அவர், "எப்படி?" என்றார்.

"நல்லாருக்குப்பா," என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் முகம் அப்படி இருப்பதற்கு வெளிச்சம் சரியில்லை என்பது அத்தானின் கட்சி. ஒரு கண் க்ரீம் வாங்கி வந்தார். படுக்கையறை பல்பை மாற்றினார். வீட்டில் யார் பிறந்தநாள் வந்தாலும், எங்கே வெளியில் போனாலும் போனில் படம் எடுப்பார். அதை அப்படியே வைத்துக்கொள்ள அவரால் முடியாது. வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கை பைக்குப் போகிற மாதிரி, டீ ஆறுவதற்குள் மகள் முகத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். பழைய படத்தைத் தூக்கிப்போட்டுவிடுவார். இடத்தை அடைக்கும் என்பார்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வகுப்பு டீச்சர் வரச் சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அத்தான் போனார். திரும்பி வந்தபோது நல்ல சந்தோஷத்தில் இருந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்.

"அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? இவ கிளாஸ்ல யார்கூடவும் பேசறதில்லையாம். கடைசி பெஞ்சுல தலைய வெச்சுப் படுத்துக்கறாளாம். பேப்பர வெறுமனே குடுத்துடறாளாம். ஒரு கவுன்சிலர், இல்லன்னா மனநல டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னுது."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"நான் ஒண்ணும் சண்டை போடலையே. போன எடுத்தேன். டீச்சர், நீங்களே பாருங்கன்னு காட்டினேன். உன் பொறந்தநாளு, கடற்கரைக்குப் போனது, போன வாரம் பால்கனியில எடுத்தது. எல்லாத்துலயும் எப்படி இருக்கா எம் பொண்ணு? அந்தம்மா ஒண்ணொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்துது. அப்புறம், அப்படியா, வீட்ல நல்லாத்தான் இருக்கா போல, அப்போ ஸ்கூல்லதான் யாரோடவோ மனஸ்தாபம், நான் பாத்துக்கறேன்னுடுச்சு. சாரி வேற கேட்டுது."

நான் நினைக்கிறேன், அத்தான் அப்போது பொய் சொல்லவில்லை. தன் கையால் வரைந்ததைத் தானே மறந்துவிட்டிருந்தார். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு அவைதான் மகள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் வெளிச்சம் சரியில்லாத ஒரு பிரதி.

டீச்சர் தன் வேலையைச் செய்தார். பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்தார். அதில் மூன்று மாதம் போயிற்று.

அந்த மூன்று மாதத்தில் அவள் தன்னுடைய கலர் பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கொடுத்துவிட்டாள். பிடித்த சட்டையை வேனில் வரும் தோழிக்குக் கொடுத்தாள். பாட்டுக் கேட்கும் ஹெட்போனை என் மேசையில் வைத்து, "நீங்க வெச்சுக்கங்க மாமா, எனக்கு வேண்டாம்," என்றாள். கொடுக்கிற மனசு என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள்.

ஒரு மாலை அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கழுவுதொட்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளாக வந்து நின்றதே அக்காவுக்கு ஆச்சரியம்.

"ஏம்மா, நான் இல்லன்னா உனக்கு வேலை கொறையும்ல?"

"ரொம்பக் கொறையும். முதல்ல பாத்திரம் கொறையும்," என்றாள் அக்கா. "போய்த் தண்ணி பிடிச்சு வை."

அவள் போய்த் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில் அக்கா இதை ஒரு ஜோக்காகச் சொன்னாள். பக்கத்து கவுன்ட்டரில் இருக்கும் அம்மா அக்காவைவிட மூத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் விலைகளைத்தான் பேசுவார். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையை மடித்துவைத்தார்.

"எந்த மாதிரி கேட்டா? கோபமாவா?"

"இல்லையே. சும்மாதான். கடைக்குப் போகணுமான்னு கேக்கற மாதிரி."

அவர் தன் கவுன்ட்டரைவிட்டு அக்கா பக்கம் வந்தார். பிறகு, "எம் பையனும் சும்மாதான் கேட்டான். நானும் உன்ன மாதிரி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல, அதான் எனக்கு இருக்கற பெரிய கஷ்டம்," என்றார்.

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே அதுவரை அக்காவுக்குத் தெரியாது.

அவரே சூப்பர்வைசரிடம் போய், இவளுக்கு வீட்டில் அவசரம், இவள் கவுன்ட்டரையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அக்கா சீருடையைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். பள்ளிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவளைப் படுக்கவைத்துவிட்டு, கதவை லேசாகத் திறந்துவைத்து, அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அத்தான் வரும்வரை எழுந்திருக்கவில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போனது.

அத்தான் வந்ததும் சண்டை வந்தது. சத்தம் போடாத சண்டை. உள்ளே அவள் இருக்கிறாளே.

"மனநல டாக்டரா? எம் பொண்ணு என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரும் சொல்லல."

"சொல்லுவாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி ஃபைல்ல பேர் இருக்கும். எல்லா எடத்துலயும் அது கூடவே வரும். உனக்குப் புரியாது."

"பேர் இருந்துட்டுப் போகட்டுங்க. அவளும் இருக்கட்டும்."

அத்தான் போனை எடுத்தார். "இதப் பாரு, போன மாசம்தான..." என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி மேசையில் கவிழ்த்துவைத்தாள். எழுந்து போய் உள்ளறைக் கதவை முழுவதுமாகத் திறந்தாள்.

"அத ஏன் பாக்கணும்? இங்க இருக்கா, பாருங்க."

பள்ளிச் சீருடையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமுடி பின்கழுத்தில் ஒரு கயிற்று முடிச்சைப் போல உருண்டிருந்தது. சாக்ஸ்கூடக் கழற்றவில்லை. அத்தான் வாசற்படியில் நின்றார். "லைட்டப் போடு," என்றார். யாரும் போடவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து என்னிடம், "காலைல ஸ்டூடியோவுக்கு லீவ் சொல்லிடு," என்றார்.

டாக்டர் அறைக்குள் நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னாள். டாக்டர் முதலில் மகளோடு தனியாகப் பேசினாராம். பிறகு இவர்களையும் உள்ளே கூப்பிட்டு, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள் என்று கேட்டாராம். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான், "ஒரு நிமிஷம் டாக்டர்," என்று போனை எடுத்தார். படங்களில் தேதி இருக்கும், முகம் மாறிய இடத்தைக் காட்டிவிடலாம் என்று அவருடைய கணக்கு. தள்ளினார். பின்னால் பின்னால் போனார். ஒவ்வொரு படத்திலும் சிரிக்கப்போகிற ஒரு பெண் இருந்தாள். வேகமாகத் தள்ளினார், மெதுவாகத் தள்ளினார், ஒரு படத்தைப் பெரிதாக்கினார். டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அப்பா, அதுல இருக்காது," என்றாள் மகள்.

அப்புறம் அவளே சொன்னாள். ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலிருந்தாம். காரணம் ஒன்றும் இல்லையாம். முதலில் எதுவும் பிடிக்காமல் போயிற்றாம், பிறகு பிடிக்காததுகூடத் தெரியாமல் போயிற்றாம். காலையில் எழுந்திருப்பது மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலையாக இருந்ததாம்.

"இவ்வளவு நாள் வீட்ல யாருகிட்டயும் சொல்லணும்னு தோணலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்பாவுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்படி?"

"ஐடி கார்டு போட்டோல கண்ணுக்குக் கீழ எல்லாத்தையும் எடுத்திருந்தாரே. எடுக்கணும்னா அத முதல்ல பாத்திருக்கணும்ல. அப்ப பாத்துட்டார், கேப்பார்னு இருந்தேன். கேக்கல. சரி, பாத்துட்டும் கேக்கல, அழிச்சாப் போதும்னு நெனக்கறார் போலன்னு..." என்று நிறுத்திக்கொண்டாளாம். குற்றம் சொல்கிற குரலே இல்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் அக்கா.

அத்தான் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார். பை கிடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. இது சோம்பல் இல்லை, திமிர் இல்லை, வளர்ப்பில் குறையும் இல்லை. மனச்சோர்வு என்கிற நோய், சின்ன வயதிலும் வரும், சரியாகக்கூடியதுதான் என்றார். பெரியவர்களுக்கு வந்தால் அழுவார்கள், பிள்ளைகளுக்கு வந்தால் சில நேரம் எரிந்து விழுவார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள், அதனால்தான் வீட்டில் பிடிபடுவதில்லை என்றார். மாத்திரை உண்டு, நாங்களாக நிறுத்தக்கூடாது. வாரம் ஒருமுறை கவுன்சிலரிடம் பேச வரவேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பூட்டிவைத்து, வேளைக்கு வேளை பெரியவர்களே எடுத்துத் தரவேண்டும். இப்போதைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கவேண்டும்; கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படவேண்டாம், கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து என்றார்.

எல்லாம் செய்தோம். அலமாரியில் பூட்டியிருந்த போன் வெளியே வந்தது, மருந்துப் பெட்டி உள்ளே போனது. பக்கத்து கவுன்ட்டர்காரர் தினமும் அக்காவிடம் ஒரே கேள்வி கேட்பார், "இன்னிக்கு?" அக்கா ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். அந்த அம்மா அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

உறவுக்காரர்களிடம் மட்டும் ரத்தசோகை என்று சொன்னோம். அத்தானின் யோசனை. போனில் அவர் தன் அக்காவிடம் அதைச் சொன்னபோது மகள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "ஆமாக்கா, ரத்தம்தான் கம்மியாம். வேற ஒண்ணும் இல்ல." நாலு நாளில் அத்தானின் அக்காவிடமிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்து இறங்கியது. அவள் ஒன்றை எடுத்துக் கொட்டையை நீக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, எனக்கு இல்லாத வியாதி எவ்வளவு சீக்கிரம் கொணமாகுது பாருங்க."

நாங்கள் பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட ஜோக் அதுதான். அத்தான் அந்த அறையில்தான் இருந்தார். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

அத்தான் வேலையை விடவில்லை. வேறென்ன தெரியும் அவருக்கு. ஆனால் கை ஓடவில்லை. முகத்தை முழுதாகப் பார்த்துத் தொலைத்துவிடுகிறார். "டாக்டருக்கே உடம்பு சரியில்லையா?" என்று முதலாளி கேட்டார். இந்த வருஷப் பள்ளிப் படங்கள் வந்தபோது ஒரு பையனின் முகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன். அதே கண். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சரிய்யா, தூங்கிருக்கமாட்டான். இதுக்கு நம்ம என்ன பண்றது? நாம ஸ்டூடியோவா, ஆஸ்பத்திரியா?"

மறுநாள் உணவு இடைவேளையில் அத்தான் பள்ளிக்குப் போய், போன வருஷம் மகளுக்கு வகுப்பு டீச்சராக இருந்தவரையே பார்த்தார். பையன் எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று சொல்லி, கொஞ்சம் கவனியுங்கள் என்றார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பேசிப் பாக்கறேன் சார். ஆனா அந்தப் பையனோட அப்பாவும் வந்து போன்ல போட்டோ காட்டுவார்."

டீச்சர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்றார் அத்தான் என்னிடம். இரண்டு தடவை அப்படிச் சொன்னார்.

கவுன்சிலரிடம் போகிற நாட்களில் அக்காவுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் அத்தானும் நானும்தான் அழைத்துப்போகிறோம். நீளமான தாழ்வாரம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும். கண்ணாடிக்குப் பால்நிறம் பூசியிருப்பதால் ஒன்றும் தெரியாது. வார்த்தைகளும் கேட்காது, குரல் மட்டும் கேட்கும்.

முதல் சில வாரங்கள் கவுன்சிலரின் குரல் மட்டும்தான் கேட்டது. பிறகு இன்னொரு குரல் நடுநடுவே வந்தது. நேற்று அந்தக் குரல் நிற்கவே இல்லை. ஏறியது, இறங்கியது, யாரோ ஒருவரைப் போலப் பேசிக்காட்டியது, மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் போனது. ஒருதடவை சிரிப்புச் சத்தம்கூட வந்தது. அத்தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தலையைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்ன சொல்றான்னு உனக்கு ஏதாவது கேக்குதா?" என்றார்.

"இல்ல அத்தான்."

கதவு திறந்தது. அவள் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்த அத்தானைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கவுன்சிலர் அதையும் முன்பே சொல்லியிருந்தார், அவசரப்படுத்தாதீர்கள், அவளாக வரட்டும் என்று. எவ்வளவு நாள் ஆகும் என்று அத்தான் கேட்டதற்கு, அதை அவளிடம்தான் கேட்கவேண்டும் என்றிருந்தார்.

அத்தான் ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டர் நேராகக் கேட்கச் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியும்; இதுவரை அக்காதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"சாப்பிடறியாம்மா ஏதாவது?" என்றார்.

"வேண்டாம்பா."

அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்க அவளே கவுன்ட்டருக்குப் போய் நின்றாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அத்தான் கொஞ்ச தூரம் தள்ளி நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.